தெளிந்த பின்னும் தீராத ஐயம்: எயிட்ஸ் அச்சம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஐயமே அறிவின் தொடக்கம் என்பது மெய்யியல் பயிலும் மாணவர் தம் முதலாம் ஆண்டிலேயே கேட்டறியும் கருத்தாகும். 1641 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'தியானங்கள்' என்னும் நூலிலே டேக்காட், ஐயுறத்தக்கன யாவற்றையும் ஒதுக்கி, ஐயுற இயலாத ஒன்றைத் தேடிச் சென்றார். நமது மரபிலும் ஐயம் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார், அளவை இயல்பினை விளக்குமிடத்து, ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் வேறு பிரித்துணர்த்துகின்றது. மங்கிய ஒளியிலே தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணியமாட்டாது நிற்றல் ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பெனத் துணிந்துவிடுதல் திரிபு. அருகே சென்று நோக்கியதும் ஐயம் அகலும். விளக்கைக் கொணர்ந்ததும் பாம்பு மறையும். அறிவாராய்ச்சியியலாளர் பொதுவாக இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். ஆயின், அருகே சென்று நோக்கிய பின்னரும் அகலாத ஐயம் ஒன்று உண்டெனின் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? விளக்கொளியிலே கயிறுதான் எனக் கண்ட பின்னரும் கால் நடுங்குமாயின், அந்நடுக்கம் அறிவின் குறைபாடா, அன்றி வேறொன்றன் அறிகுறியா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்திலே, புளத்கொகுபிட்டியவை அடுத்துள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் துன்பத்திலிருந்து எழுந்தது. நானும் அப்பகுதியிற் பிறந்தவன் என்பதால் அவர் என்னிடம் மனந்திறந்து பேசினார். அவரது பெயரோ தோட்டத்தின் பெயரோ ஈண்டு வேண்டப்படுவன அல்ல. தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த அம்மலைச் சரிவுகளிலிருந்து படிப்பை இடையில் நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் பலருள் அவரும் ஒருவர். தலைநகரில் ஒரு நாள், உடன் தங்கியிருந்தோரின் தூண்டுதலால், முன்பின் அறியாத பெண்ணொருத்தியுடன் அவருக்கு உறவு ஏற்பட்டது. சில வாரங்களின் பின் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. அன்று புகுந்த எயிட்ஸ் பற்றிய அச்சம் பின்னர் அவரை விட்டு நீங்கவில்லை.

மூன்று மாதங்கள் கழிந்தபின் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையமொன்றிலே குருதியைப் பரிசோதித்தார். தொற்று இல்லை என்பது முடிவு. ஒரு வாரம் நன்றாக உறங்கினார். பின்னர், மாதிரிக் குழாய் மாறியிருக்குமோ என்ற எண்ணம் தோன்றியது. ஆறாம் மாதத்தில் மீண்டும் பரிசோதித்தார், அதே முடிவு. பின்னர்த் தனியார் ஆய்வுகூடமொன்றிலே, தம் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியைச் செலுத்தி மூன்றாவது பரிசோதனை; அப்பால் நான்காவது. ஒவ்வோர் அறிக்கையும் தந்த அமைதி முன்னையதிலும் குறுகியதாயிற்று. தீபாவளிக்கு வீடு வந்தவர், தமக்கெனத் தனிக் கோப்பையும் தட்டும் வைத்துக்கொண்டார். தமக்கையின் கைக்குழந்தையைத் தூக்க மறுத்தார். காரணம் அறியாத தாய், பிள்ளை நகரத்துக்குப் போய் மாறிவிட்டான் எனக் கலங்கினார். அக்காலத்தில் ஒரு மாலை அவர் என்னிடம் கூறியதை அவர் சொற்களிலேயே தருகின்றேன்: "கடதாசி பொய் சொல்லாதுன்னு தெரியுது அண்ணே, மனசுதான் நம்பமாட்டேங்குது."

இக்கூற்றினை ஆராயுமுன்னர், அக்கடதாசி எத்தகைய சான்று என்பதை நோக்குதல் தகும். எயிட்ஸ் எனப் பின்னர்ப் பெயரிடப்பட்ட நோய்நிலை பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. 1983 இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர் அதற்குரிய வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985 இல் குருதிப் பரிசோதனை பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டிலே, சென்னையில் வைத்தியப் பேராசிரியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் மூலம் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டன. இலங்கையர் ஒருவரிடத்துத் தொற்று முதன்முதல் அறியப்பட்டது 1987 இல் ஆகும். பிறபொருளெதிரிகளையும் வைரசின் புரதக்கூற்றையும் ஒருங்கே தேடும் இன்றைய ஆய்வுகூடப் பரிசோதனை, தொற்று நேர்ந்திருப்பின் 45 நாட்களுள் அதனைக் காட்டிவிடும். பிறபொருளெதிரியை மட்டும் தேடும் பரிசோதனைக்கு 90 நாட்கள் போதுமானவை. இக்கால எல்லைக்கு முன்னர்ச் செய்யப்படும் பரிசோதனையை ஐயுறுவது நியாயமே. அதன்பின்னர், இடையிற் புதிய தொடர்பு ஏதும் நேராதவிடத்து, மருத்துவம் அம்முடிவை இறுதியானதாகக் கொள்கின்றது.

கணக்கும் இதனையே கூறும். இலங்கையில் வளர்ந்தோருள் இத்தொற்று உடையோர் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. எனினும் வாதத்தின்பொருட்டு, அப்பெண்ணுக்குத் தொற்று இருந்தது உறுதி என்றே கொள்வோம். சிகிச்சை பெறாத ஒருவரிடமிருந்து, பாதுகாப்பற்ற ஒரு தடவை உறவினால் ஆணொருவருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 10,000 இற்கு 4 என மதிப்பிடப்பட்டுள்ளது. உரிய காலத்துக்குப் பின் செய்யப்படும் பரிசோதனை, உள்ள தொற்றினைத் தவறவிடுவது 100 இல் ஒன்றுக்கும் குறைவு. இரண்டையும் பெருக்கினால், மிக மோசமான ஊகத்திலேயே எஞ்சும் வாய்ப்பு 10 இலட்சத்துக்கு 4 என்னும் அளவினது. இவை யாவற்றையும் நம் இளைஞர் அறிந்திருந்தார். ஆகவே அறியாமையே அவரது நோய், அறிவூட்டலே மருந்து என்னும் எளிய விடை இங்குப் பொருந்தாது.

இனி, அறிக்கையை நம்பாமை தன்னளவில் அறிவீனம் என்று கூறிவிடவும் முடியாது. குறிப்பாக மலையகத் தமிழரிடம் அவ்வாறு கூறுவது வரலாற்றை மறந்த கூற்றாகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் ஒரு கடதாசி இல்லாமையின் காரணமாக நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டப்பட்டது. அலுவலகக் கடதாசியை ஐயுறக் கற்ற மக்கள் நாம். கொழுந்து நிறுக்கும் தராசடியிலும் இவ்வையம் அன்றாடம் எழுகின்றது. சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பெண்கள் எண்ணிப் பார்த்துக் கேள்வி எழுப்புகின்றனர். ஆனால் அவ்வையத்தின் இயல்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தராசு எங்கே, எவ்வாறு, எவர் நலனுக்காகப் பிழைக்கக்கூடும் என்பதை அப்பெண்கள் அறிவர். அதனைச் சொல்லவும் வல்லர். வேறொரு தராசிலே நிறுத்துக் காட்டி எடை சரியெனக் கண்டால் அவர்தம் வழக்குத் தீர்ந்துவிடும். காரணம் கூறக்கூடியதும், எந்தச் சான்று கிடைத்தால் தான் அடங்கும் என முன்கூட்டியே சொல்லக்கூடியதுமான ஐயமே நேர்மையான ஐயம். நம் இளைஞரை நோக்கி, "எத்தனை பரிசோதனை செய்தால் நம்புவீர்?" என வினவினேன். அவரிடம் விடை இல்லை. ஐந்தாவது தராசையும் ஆறாவது தராசையும் ஐயுறும் மனம் எடையைப் பற்றி வினவவில்லை என்பது அப்போது புலனாயிற்று.

அச்சத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். 2016 மே மாதத்திலே, அரநாயக்கவில் மலை சரிந்த அதே பெருமழையின்போது, புளத்கொகுபிட்டியவின் களுபான தோட்டத்திலும் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அதன்பின் அப்பகுதி மக்கள் மழைக்கு அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எவரும் நோயெனக் கூறார். ஏனெனில் அதற்கு அளவு உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒழுங்கின்படி, 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம். மானியில் நீர் ஏறும்போது அச்சம் ஏறுகின்றது. நீர் ஏறாத இரவிலே குடும்பங்கள் உறங்குகின்றன. அவ்வச்சம் மலையோடு பேசுகின்றது. மலை கூறும் விடையையும் கேட்கின்றது. வெயில் எறிக்கும் நாளிலும் வெளியேறி ஓடச் சொல்லும் அச்சமோ மலையைப் பற்றியதன்று. நான்கு அறிக்கைகளின் பின்னரும் குறையாத எயிட்ஸ் அச்சம் இத்தகையது.

அவ்வாறாயின் அது எதனைப் பற்றியது? எனது துணிபு இதுவாகும்: அவ்விளைஞர் குருதியிடம் கேட்டது மருத்துவ வினாவன்று, அற வினா. "எனக்கு நோய் உண்டா?" என்னும் சொற்களுக்குள்ளே "நான் தண்டனைக்குரியவனா?" என்னும் வினா ஒளிந்திருந்தது. முதல் வினாவுக்கு ஆய்வுகூடம் விடை தந்தது. இரண்டாவதற்கு விடை தர அதனால் இயலாது. மன்னிப்பு வேண்டி நிற்பவனுக்குப் பரிசோதனை அறிக்கையை எத்தனை முறை நீட்டினாலும் அவன் கை நிறையாது. இதற்கு ஒரு சான்றும் உண்டு. நீரிழிவும் இருதய நோயும் நம் நாட்டிலே எயிட்சினும் பன்மடங்கு உயிர்களைக் கவர்கின்றன. அவற்றையிட்டு அவர் ஓர் இரவேனும் உறக்கம் இழந்ததில்லை. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இத்தொற்றினை நீண்டகாலம் சமாளிக்கத்தக்க நிலையாக மாற்றிவிட்டது என்பதையும், ஒழுங்காக மருந்து உட்கொண்டு குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து பாலுறவினால் அது பிறருக்குத் தொற்றாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவர் அஞ்சியது சாவுக்கன்று. ஊரின் பார்வைக்கும் தம் மனத்தின் தீர்ப்புக்குமே. நோயை ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகக் கருதும் சமூகத்திலே, தன்னைக் குற்றவாளியெனக் கருதுபவன் அந்நோயைத் தனக்கு உரியதென எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

தனிமனித மனத்திலே நிகழும் இப்பிழை ஓர் ஊரின் மனத்திலும் நிகழக்கூடும். கேகாலைக்கு அயலிலுள்ள குருநாகல் மாவட்டத்தின் குளியாப்பிட்டியில் 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. தந்தை எயிட்சினால் இறந்தார் என்னும் வதந்தியின் காரணமாக, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலை அனுமதி மறுக்கப்பட்டது. பரிசோதனை அவனுக்குத் தொற்று இல்லையெனக் காட்டியது. அவ்வறிக்கையைத் தாய் யாவரும் காணக் காட்டினார். அனுமதி கிடைத்த இடத்திலும் ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். ஈற்றில் கண்டியின் திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலிலே உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. தொடர்பான காரணத்தால் எப்பிள்ளையின் கல்வியுரிமையும் மறுக்கப்படலாகாது என்னும் நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது. அப்பெற்றோரின் கையிலும் கடதாசி இருந்தது. அவர்தம் மனமும் நம்ப மறுத்தது. இங்கு இன்னொன்றையும் மறத்தலாகாது. அச்சிறுவனுக்குத் தொற்று இருந்திருப்பினும் அவனோடு ஒரே வாங்கில் அமர்வதாலோ, ஒரே கோப்பையில் நீர் அருந்துவதாலோ எவருக்கும் தீங்கு நேர்ந்திராது. ஆகவே "அவனுக்கு நோய் இல்லையே, ஏன் ஒதுக்கினீர்?" என்று மட்டும் கேட்பது பாதி அறமே. நோய் இருந்திருந்தால் ஒதுக்குதல் தகும் என்னும் எண்ணம் அதனுள்ளே பிழைத்துக் கிடக்கின்றது. தமக்கையின் குழந்தையைத் தூக்க மறுத்த இளைஞரும், சிறுவனோடு தம் பிள்ளையை இருத்த மறுத்த பெற்றோரும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள். எயிட்ஸ் அச்சம் தன்னை மட்டும் வருத்தும் ஒன்றன்று. உண்மையாகவே அத்தொற்றோடு வாழ்வோரைத் தீண்டத்தகாதவராக மனத்துள் மீண்டும் மீண்டும் வரைந்துகொள்வதாலேயே அது உயிர் வாழ்கின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். ஐயுறுவதால் என்ன தீங்கு? பொறுப்புள்ளவன் பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் மிகையாக அஞ்சுவது நல்லதன்றோ? இது வலுவான தடையே. எனினும் முன்னெச்சரிக்கைக்கும் இவ்வச்சத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னெச்சரிக்கை ஒரு செயலில் முடிவடைவது: உறை பயன்படுத்துதல், உரிய காலத்தில் பரிசோதித்தல், முடிவு வரும்வரை பொறுத்தல். செயல் முடிந்ததும் அது ஓய்கின்றது. ஓயாத அச்சமோ எவரையும் காப்பதில்லை. தாய் பெற வேண்டிய பணத்தை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கின்றது. குழந்தை பெற வேண்டிய அணைப்பைத் தடுக்கின்றது. மற்றொரு தடையும் உண்டு: தவறு செய்தவன் குற்றவுணர்வு கொள்ளுதல் தகாதா? தகும், அவ்வுணர்வு தன் உரிய வழியிலே செல்லுமாயின். எது தவறு, எவர்க்கு இழைத்தது, எவ்வாறு திருத்துவது எனக் கேட்பது அவ்வழி. விலைப்பட்ட உடலாக மட்டும் ஒரு பெண்ணைக் கண்டது தவறெனின் அதனை அவ்வாறே ஒப்புக்கொள்ளல் வேண்டும். இல்லாத நோயொன்றைத் தனக்குத் தண்டனையாக விதித்துக்கொள்வது அத்தவறுக்கு ஈடாகாது. உண்மையில் அது அத்தவறினை நேர்நின்று நோக்காமல் தப்பும் வழியாகும்.

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் இவ்வகையில் நம் கவனத்துக்குரியது. வினைக்குரியாரைத் தேர்தல் பற்றியதாயினும் அதன் ஒரு கருத்து நம் பொருளுக்கும் ஒளி தருவது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒரே தரத்துத் துன்பமாக வள்ளுவர் அங்கு வைக்கின்றார். முன்னையது குற்றம் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் நன்கு கற்பிக்கின்றன. பின்னையதும் குற்றம் என்பதை அவை அத்துணை வற்புறுத்துவதில்லை. மனிதர்க்கு வாய்க்கும் சான்று எதுவும் பூச்சிய ஐயத்தைத் தருவதன்று. 10 இலட்சத்துக்கு 4 என்பதைப் பூச்சியமாக்க எந்த ஆய்வுகூடத்தாலும் இயலாது. அந்த இடைவெளியைக் கடப்பது அறிவின் வேலையன்று, விருப்புறுதியின் வேலை. டேக்காட்டும் தம் எல்லையற்ற ஐயத்தை வாழ்க்கைக்கு விதிக்கவில்லை. 1637 இல் எழுதிய நூலிலே, காட்டில் வழி தவறியவன் அங்குமிங்கும் அலையாமல் ஒரு திசையைத் தெரிந்துகொண்டு நேரே நடத்தல் வேண்டும் எனத் தமக்கு ஓர் ஒழுக்கவிதி வகுத்துக்கொண்டார். தெளிதல் என்பது நம்மேல் வந்து விழும் ஓர் உணர்ச்சியன்று. போதிய சான்றின்மேல் நாம் செய்யும் செயல். உணர்ச்சி பின்னர் வரலாம், வராமலும் போகலாம்.

உளவியலும் இம்முடிபுக்கு அணுக்கமாகவே வந்துள்ளது. 1980களிலே, எயிட்ஸ் பற்றிய செய்திகள் பெருகிய காலத்தில், நோயற்றோர் பலர் நோயச்சத்துடன் மீண்டும் மீண்டும் வருவதை மேனாட்டு வைத்தியர் கண்டனர். சால்கோவ்ஸ்கிஸ், வோர்விக் முதலிய பிரித்தானிய உளவியலாளர் இத்தகைய நோயச்சத்தை ஆராய்ந்து, ஆறுதல் தேடலே அதனை வளர்க்கின்றது என்பதை எடுத்துக்காட்டினர். ஒவ்வொரு பரிசோதனையும், நாவை நீட்டிக் கண்ணாடியிற் பார்த்தலும், கழுத்தைத் தடவிக் கட்டி தேடுதலும் சிறுபொழுது அமைதி தந்து, ஆபத்து உண்மையிலேயே உண்டு என்னும் எண்ணத்துக்கு உரமிடுகின்றன. ஆகவே புதிய காரணம் இல்லாதவிடத்து மீண்டும் பரிசோதியாதிருத்தல், உடலைத் துருவி நோக்குதலைக் கைவிடுதல், அச்சம் நீங்குமுன்னரே வழக்கமான செயல்களுக்குத் திரும்புதல் என்பன சிகிச்சையின் கூறுகளாயின. ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தெளிதலைச் செயல் என்றேன். அச்செயலைத் தனியே செய்ய இயலாதவரைக் கோழை எனப் பழித்தல் ஆகாது. சிலரிடத்து இவ்வச்சம் சிகிச்சை வேண்டும் நோயாகவே முதிர்ந்துவிடுகின்றது. உளவைத்தியரை நாடுவதும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைப்பதும் அவர்க்குரிய செயல்களே. காலொடிந்தவன் கோலூன்றி நடப்பதும் நடத்தலே அன்றோ.

நம் இளைஞர் ஐந்தாவது பரிசோதனைக்குச் செல்லவில்லை. சிகிச்சை நிலையத்து வைத்தியரின் ஆலோசனையின்படி மனநலப் பிரிவொன்றுக்குச் சில மாதங்கள் சென்றுவந்தார். அடுத்த தைப்பொங்கலன்று அவர்தம் லயத்துக்குச் சென்றிருந்தேன். தமக்கையின் குழந்தை அவர் மடியில் இருந்தது. பயம் போய்விட்டதா என வினவினேன். "போகல அண்ணே. இருந்தாலும் புள்ளயத் தூக்கிட்டேன்" என்றார். அச்சம் முற்றாக நீங்கிய பின் வாழத் தொடங்குவோம் எனக் காத்திருப்பவன் என்றுமே தொடங்கான் என்பதை, நூல் பல கற்ற எனக்கு அவ்வாக்கியம் உணர்த்திற்று.

ஐயம் அறிவின் வாயில் என்பதில் ஐயமில்லை. ஆயின் வாயில் என்பது கடந்து செல்வதற்குரியது. அதன்கண் குடியிருத்தல் அடக்கமுமன்று, பொறுப்புமன்று. போதிய சான்று கிடைத்தவிடத்து நம்புதல் நமக்கும், நம்மைச் சார்ந்தோர்க்கும், நாம் அஞ்சும் அந்நோயோடு உண்மையில் வாழ்கின்றவர்க்கும் நாம் செலுத்தும் கடன் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.